சென்னை விமான நிலையம்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களும் பதில்களும்

சென்னையில் விமானத்தைத் தவறவிடுவதற்கான காரணங்கள் பெரும்பாலும் கட்டடத்துக்கு வெளியிலேயே தொடங்கிவிடுகின்றன. தப்பான ஸ்டேஷனில் இறங்குவது, தப்பான டெர்மினல் வாசலில் நிற்பது, தேதியை ஒரு நாள் தள்ளிப் புரிந்துகொள்வது, பாஸ்போர்ட்டில் ஒரு பெயரும் டிக்கெட்டில் வேறு பெயரும் இருப்பது என்று. முதல்முறை பறப்பவர்களும் வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்களும் அவர்களை ஏற்றிவிட வரும் வீட்டாரும் கேட்கும் கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

மீனம்பாக்கம் ஏர்போர்ட், திரிசூலம் ஏர்போர்ட்னு ரெண்டு சொல்றாங்களே, ரெண்டும் ஒண்ணுதானா?

ஒன்றேதான். பழைய பயணிகள் முனையம் மீனம்பாக்கம் பக்கத்தில் இருந்ததால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. இப்போதைய டெர்மினல்கள் எல்லாம் ஜி.எஸ்.டி. சாலையில் திரிசூலத்துக்கு எதிரே இருக்கின்றன. டிக்கெட்டில் எம்.ஏ.ஏ. என்ற மூன்றெழுத்து இருந்தால் அது இந்த நிலையம்தான். மெட்ராஸ் காலத்துக் குறியீடு இன்னும் மாறவில்லை.

பேச்சுவழக்கில் 'மீனம்பாக்கம்' என்பதால் பலர் ரயிலிலும் மீனம்பாக்கத்தில் இறங்கிவிடுகிறார்கள். மின்சார ரயிலில் வந்தால் இறங்க வேண்டியது திரிசூலம். மெட்ரோவில் வந்தால் மீனம்பாக்கத்துக்கு அடுத்து, கடைசியாக வரும் 'விமான நிலையம்'. ஒரு ஸ்டேஷன்தானே என்று பெட்டியோடு நடக்கத் தொடங்கினால் ஜி.எஸ்.டி. சாலை வெயிலில் அது சிறிய தூரமல்ல. அடுத்த ரயிலுக்குக் காத்திருப்பதே மேல்.

எந்த டெர்மினலுக்குப் போகணும்? டெர்மினல் 3ஐக் காணோமே?

வெளிநாட்டு விமானங்கள் எல்லாம் டெர்மினல் 2. இது 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் திறந்துவைத்த புதிய ஒருங்கிணைந்த முனையம். உள்நாட்டு விமானங்கள் டெர்மினல் 1, டெர்மினல் 4 என்று இரண்டாகப் பிரிந்திருக்கின்றன. இதில் டெர்மினல் 4 என்பது முன்பு பன்னாட்டு முனையமாக இருந்த கட்டடம். அதனால் பல வருடம் கழித்து வருகிறவர்கள் பழைய நினைவில் வெளிநாட்டு விமானத்துக்கு அங்கே போய் நிற்பதுண்டு. டெர்மினல் 3 என்ற பழைய கட்டடத்தின் இடம் புதிய முனையத்தின் இரண்டாம் கட்டத்துக்காக ஒதுக்கப்பட்டுவிட்டது. அந்தப் பெயரை யாராவது சொன்னால் பழைய தகவல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்நாட்டுப் பயணம் என்றால் விமான நிறுவனத்தின் பெயரை வைத்து ஊகிக்க வேண்டாம். நிறுவனங்களை ஒரு டெர்மினலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது நடக்கிற காரியம். டிக்கெட்டிலும் செக்-இன் செய்த பிறகு வரும் போர்டிங் பாஸிலும் டெர்மினல் எண் இருக்கும். கிளம்பும் நாளன்று அதை ஒருமுறை பார்த்துவிட்டு டிரைவரிடம் எண்ணைச் சொல்லுங்கள். 'டொமஸ்டிக்' என்று மட்டும் சொன்னால் பாதி விலாசம்தான் சொன்னதாக ஆகும்.

எத்தனை மணி நேரம் முன்னாடி போகணும்? ரெண்டு மணி நேரம் போதுமா?

உள்நாட்டுக்கு இரண்டு மணி நேரம், வெளிநாட்டுக்கு மூன்று மணி நேரம். இது விமானம் கிளம்பும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, நீங்கள் வாசலில் நிற்க வேண்டிய நேரம். வீட்டிலிருந்து புறப்படும் நேரம் அல்ல. உள்நாட்டு செக்-இன் கவுன்டரை வழக்கமாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். போர்டிங் கேட் சுமார் 25 நிமிடம் முன்பு மூடப்படும். கவுன்டர் மூடியபின் பெட்டியோடு வந்தவருக்காக அதைத் திறப்பதில்லை.

சாலையில் வருகிறவர்கள் கத்திப்பாராவிலும் பல்லாவரத்திலும் சிக்கிக்கொள்ளும் நேரத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை, பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாள்களில் ஜி.எஸ்.டி. சாலையே ஊருக்குப் போகிறவர்களால் நிரம்பியிருக்கும். அந்த நாள்களில் காரை நம்புவதைவிட ரயிலோ மெட்ரோவோ பாதுகாப்பு. உள்நாட்டு டெர்மினலில் டிஜியாத்ரா செயலியில் முன்பே பதிவு செய்தவர்கள் முகத்தைக் காட்டி உள்ளே போகலாம். வெளிநாட்டுப் பயணத்துக்கு அது செல்லாது.

டிக்கெட்ல 15ஆம் தேதி 00:40னு போட்டிருக்கு. 15ஆம் தேதி ராத்திரி போனா போதும்தானே?

போதாது. விமானம் போய்விட்டிருக்கும். 00:40 என்பது 14ஆம் தேதி இரவு முடிந்து 15 பிறந்த நாற்பதாவது நிமிடம். மூன்று மணி நேரக் கணக்குப்படி நீங்கள் 14ஆம் தேதி இரவு 9:40க்கே வாசலில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் கிழக்காசியாவுக்கும் போகும் விமானங்களில் கணிசமானவை நள்ளிரவுக்கும் விடியற்காலைக்கும் நடுவே கிளம்புகிறவை. அதனால் இந்தக் குழப்பம் இங்கே அதிகம்.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே காலண்டரில் "14 இரவு, வீட்டிலிருந்து கிளம்புவது 7:30" என்பதுபோல் எழுதி வையுங்கள். அழைத்துப்போக வருகிறவர்களுக்கும் இதே விதி. '15ஆம் தேதி 1:30க்கு இறங்குவேன்' என்று சொன்னால் எந்த இரவு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சென்ட்ரல்ல இருந்து, எக்மோர்ல இருந்து எப்படி வர்றது?

சென்ட்ரலில் இறங்கினால் மெட்ரோவின் நீல வழித்தடம். அண்ணா சாலை, சைதாப்பேட்டை, கிண்டி, ஆலந்தூர் வழியாக நேராக விமான நிலையம். சுமார் 40 நிமிடம். அதே சென்ட்ரலில் பச்சை வழித்தடமும் இருக்கிறது. அது எழும்பூர், கோயம்பேடு, வடபழனி என்று சுற்றிக்கொண்டு பரங்கிமலை போவது. தெரியாமல் ஏறிவிட்டால் ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம், நேரம்தான் கூடும். சென்னை மெட்ரோவில் அதிகபட்சக் கட்டணமே 50 ரூபாய்தான்.

எழும்பூரில் இறங்கினால் மெட்ரோவைவிட மின்சார ரயில் எளிது. கடற்கரையிலிருந்து தாம்பரம், செங்கல்பட்டு போகும் ரயிலில் ஏறி திரிசூலத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்கும் சுரங்கப்பாதை வழியாக விமான நிலையப் பக்கம் வரலாம். கட்டணம் பத்து ரூபாய் அளவில். ஆனால் விரைவு மின்சார ரயில்கள் திரிசூலத்தில் நிற்பதில்லை. ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். காலை, மாலை நெரிசல் நேரத்தில் இரண்டு பெரிய பெட்டிகளோடு மின்சார ரயிலில் ஏறுவது முடியாத காரியம் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மெட்ரோ காலை 5 மணி வாக்கில் தொடங்கி இரவு 11 மணி வாக்கில் முடிந்துவிடும். நள்ளிரவு விமானத்துக்கு வருவதற்கு அது உதவும். நள்ளிரவில் இறங்கி வீட்டுக்குப் போக உதவாது.

வெளியே வந்தா ஓலா, ஊபர் எதுவும் வாசல்ல வரமாட்டேங்குது, எங்கே ஏறணும்?

செயலி வழியாக அழைக்கும் டாக்ஸிகள் டெர்மினல் வாசலில் ஏற்றுவதில்லை. பல அடுக்கு வாகன நிறுத்துமிடத்துக்குப் போக வேண்டும். 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட அந்த இடத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கார்கள் நிற்கலாம். கடைகளும் திரையரங்கமும் அதே வளாகத்தில்தான். முதியவர்களுக்கும் பெட்டிகளுக்கும் பேட்டரி வண்டி ஓடுகிறது. அதற்குக் கூட்டமிருந்தால் காத்திருக்க நேரிடும்.

டெர்மினலுக்குள் இருக்கும்போதே வண்டியை அழைத்துவிடாதீர்கள். நீங்கள் நடந்து போய்ச் சேருவதற்குள் டிரைவர் வந்து, காத்திருப்புக் கட்டணம் ஏறி, கடைசியில் ரத்துசெய்துவிட்டுப் போவார். நிறுத்துமிடத்தை அடைந்து, நிற்கும் தளத்தின் எண்ணைப் பார்த்துக்கொண்டு பிறகு அழையுங்கள். இந்த நடை வேண்டாம் என்றால் வருகைப் பகுதியிலேயே முன்பணம் கட்டி எடுக்கும் டாக்ஸி கவுன்டர்கள் உண்டு. விலை சற்றுக் கூடுதல், ஆனால் கைக்குழந்தையோடு நள்ளிரவில் இறங்குகிறவர்களுக்கு அந்தக் கூடுதல் தகும்.

நாங்க மதுரைப் பக்கம் போகணும். ஏர்போர்ட்ல இருந்து கோயம்பேடு போய் பஸ் பிடிக்கணுமா?

வேண்டாம். 2023 டிசம்பர் இறுதியிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகளுக்குக் கிளாம்பாக்கம்தான் நிலையம். விமான நிலையத்திலிருந்து அது ஜி.எஸ்.டி. சாலையிலேயே தெற்கே, தாம்பரம், வண்டலூர் தாண்டி இருக்கிறது. கோயம்பேடு போனால் எதிர்த்திசையில் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். வேலூர், பெங்களூரு பக்கம் போகிறவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் மேற்குத் திசைப் பேருந்துகளைக் கேட்டுப் போக வேண்டும்.

ரயில் என்றால் இன்னும் எளிது. தெற்கே போகும் எக்ஸ்பிரஸ்களில் பெரும்பாலானவை தாம்பரத்தில் நிற்கும். திரிசூலத்திலிருந்து தாம்பரம் நாலாவது ஸ்டேஷன்: பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம், தாம்பரம். எழும்பூர் வரை திரும்பிப் போகத் தேவையில்லை. முன்பதிவு செய்யும்போதே ஏறும் இடத்தைத் தாம்பரம் என்று போட்டுவிடுங்கள்.

அம்மா தனியா போறாங்க, இங்கிலீஷ் தெரியாது. நாங்க உள்ளே கூட வரலாமா?

டிக்கெட்டும் அசல் அடையாள அட்டையும் பார்த்துத்தான் மத்தியப் பாதுகாப்புப் படையினர் வாசலில் உள்ளே விடுவார்கள். செக்-இன் கவுன்டர் வரை கூடப் போகலாம் என்று திட்டமிட்டு வராதீர்கள். விடைபெறுவது வாசலிலேயே என்று மனதைத் தயார்செய்துகொள்வது நல்லது.

ஆனால் தனியாக விடத் தேவையில்லை. டிக்கெட் எடுக்கும்போதே, அல்லது குறைந்தது 48 மணி நேரம் முன்பு, விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவி கேட்டுப் பதிவுசெய்யுங்கள். உதவியாளர் செக்-இன், பாதுகாப்புச் சோதனை, இமிக்ரேஷன், கேட் எல்லாவற்றையும் கூடவே இருந்து முடித்துக்கொடுப்பார். இறங்கும் ஊரிலும் அதே ஏற்பாடு இருக்கும். அம்மாவின் கையில் ஒரு தாளில் பெரிய எழுத்தில் விமான எண், இறங்கும் ஊர், அங்கே அழைக்க வருகிறவரின் பெயரும் தொலைபேசி எண்ணும், சாப்பிடும் மாத்திரைகளின் பெயரும் எழுதிக்கொடுங்கள். அதைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். கேட் எண் மாறுவதுண்டு, ஒலிபெருக்கியில் அழைப்பார்கள் என்று காத்திருக்க வேண்டாம் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். திரையைப் பார்க்கத் தெரியாவிட்டால் அரை மணிக்கொருமுறை ஊழியரிடம் போர்டிங் பாஸைக் காட்டிக் கேட்டால் போதும்.

ஊறுகாய், நெய், பொடி, தேங்காய் எல்லாம் கொண்டுபோகலாமா? பவர் பேங்க் எதுல வைக்கணும்?

வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் திரவமோ குழைவான பொருளோ ஒவ்வொன்றும் 100 மில்லிக்கு மேல் கூடாது. நெய்யும் எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் அதில் அடங்கும். அவற்றைச் செக்-இன் பெட்டியில்தான் வைக்க வேண்டும். மூடிமேல் டேப் சுற்றி, இரண்டு பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். பாட்டில் உடைந்தால் உங்கள் துணியோடு போகாது, பக்கத்துப் பெட்டியும் கெடும். இட்லிப் பொடி, பருப்புப் பொடியைச் செக்-இன் பெட்டியில் வைத்தால் கேள்வி குறைவு. கொப்பரைத் தேங்காய் மட்டும் எதிலும் கூடாது. அதிலுள்ள எண்ணெய் தீப்பிடிக்கக்கூடியது என்பதால் கைப்பை, பெட்டி இரண்டிலுமே தடை. பவர் பேங்க் நேர்மாறு: கைப்பையில் மட்டும்தான். 100 வாட்-மணி வரை தாராளமாக விடுவார்கள். 20,000 எம்.ஏ.எச். என்றால் 3.7 வோல்ட்டில் பெருக்கினால் 74 வாட்-மணி, அதனால் பிரச்சினை இல்லை. எழுத்து அழிந்து திறன் தெரியாத பவர் பேங்கைத் தூக்கிப்போடச் சொல்வார்கள்.

இங்கே விட்டாலும் அங்கே பிடிபடும் பொருள்கள் இன்னும் முக்கியம். கசகசா நம் சமையலறையில் சாதாரணம். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருள் சட்டத்தின்கீழ் வரும். வீட்டில் அரைத்த பிரியாணி மசாலாவில் கசகசா சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வையுங்கள். டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளை வளைகுடாவுக்கு மருத்துவச் சீட்டும் அந்த நாட்டின் முன்அனுமதியும் இல்லாமல் கொண்டுபோகாதீர்கள். சிங்கப்பூருக்கு மெல்லும் புகையிலையும் சூயிங்கமும் வேண்டாம். யாராவது கடைசி நேரத்தில் "என் தம்பி அங்கே வந்து வாங்கிக்குவான்" என்று ஒரு பொட்டலம் கொடுத்தால் வாங்கவே வாங்காதீர்கள். பெட்டிக்குள் இருப்பது யாருடையது என்று சட்டம் கேட்காது, பெட்டி யாருடையது என்றுதான் கேட்கும்.

என் பாஸ்போர்ட்ல முருகன்னு மட்டும்தான் இருக்கு, அப்பா பேர் இனிஷியல்தான். டிக்கெட்ல எப்படிப் போடணும்?

நம் ஊர்க்காரர்களுக்கே உரிய சிக்கல் இது. டிக்கெட் போடும் பக்கம் முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டையும் கேட்கும். நம் பாஸ்போர்ட்டில் பலருக்கும் 'சர்நேம்' கட்டம் காலி. அப்போது ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடுவது, அல்லது விமான நிறுவனம் சொல்லும் குறியீட்டை முதல் பெயராகப் போடுவது என்று நிறுவனத்துக்கு நிறுவனம் முறை வேறுபடும். நீங்கள் பறக்கும் நிறுவனம் எதைக் கேட்கிறது என்று பார்த்து அதன்படி போடுங்கள். நீங்களாக அப்பாவின் பெயரைக் கடைசிப் பெயராகச் சேர்த்துவிடாதீர்கள். பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தில் இல்லாத பெயர் டிக்கெட்டிலும் இருக்கக் கூடாது. விசாவிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் இருக்க வேண்டும்.

அமீரகத்துக்குச் சுற்றுலா அல்லது விசிட் விசாவில் போகிறவர்கள் கூடுதல் கவனம் வைக்க வேண்டும். 2022 நவம்பரிலிருந்து பாஸ்போர்ட்டில் ஒரே சொல்லாகப் பெயர் உள்ளவர்களை அந்நாடு அந்த விசாக்களில் ஏற்பதில்லை. கடைசிப் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ அச்சாகியிருந்தால் விலக்கு கிடைக்கிறது. இருந்தாலும் அடிக்கடி வெளிநாடு போகப்போகிறவர் என்றால் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கும்போதே இனிஷியலை விரித்து, தந்தை பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிடுவதே நிரந்தரத் தீர்வு. விமான நிலையக் கவுன்டரில் நின்றுகொண்டு இதைச் சரிசெய்ய முடியாது.

பாஸ்போர்ட்ல ஈ.சி.ஆர்.னு இருக்கு. ஏஜென்ட் விசிட் விசால போயிடு, அங்கே போய் மாத்திக்கலாம்ங்கிறார். போகலாமா?

போகாதீர்கள். ஈ.சி.ஆர். என்றால் 'குடியேற்றச் சோதனை தேவை' என்று பொருள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிக்கான சான்று காட்டாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இந்த முத்திரை இருக்கும். அவர்கள் சவூதி, குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் குடியேற்ற அனுமதி வாங்க வேண்டும். இமைக்ரேட் இணையதளம் வழியாக, உரிமம் பெற்ற முகவர் மூலமோ நிறுவனம் மூலமோ அது நடக்கும். ஒப்பந்தத்தில் சம்பளம், வேலை, தங்குமிடம் எல்லாம் பதிவாகும். காப்பீடும் சேரும். அங்கே ஏதாவது தகராறு வந்தால் தூதரகம் கையில் எடுக்கும் முதல் காகிதம் அதுதான்.

விசிட் விசாவில் போய் வேலை பார்ப்பவரிடம் அந்தக் காகிதம் இருக்காது. சம்பளம் தராவிட்டாலும் புகார் கொடுக்கப் பிடிமானம் கிடையாது. இமிக்ரேஷனில் திரும்பும் டிக்கெட், தங்குமிடம், கைப்பணம் பற்றிக் கேட்பார்கள். பதில் ஒட்டாவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள், டிக்கெட் பணமும் போகும். பத்தாம் வகுப்பு தேறியவராக இருந்தால் முதலில் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொள்ளுங்கள், அந்த முத்திரையே போய்விடும். முகவரின் உரிம எண்ணை அதே இமைக்ரேட் தளத்தில் சரிபார்க்கலாம். சென்னையிலேயே குடியேற்றப் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பணம் கட்டுவதற்கு முன்பு கேளுங்கள்.

இமிக்ரேஷன்ல சிலர் வரிசையில நிக்காம போறாங்களே, அது எப்படி?

விரைவுக் குடிநுழைவுத் திட்டம். 2025 ஜனவரியில் சென்னைக்கும் வந்தது. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர்களும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை உள்ளவர்களும் உள்துறை அமைச்சகத்தின் தளத்தில் விண்ணப்பித்து, ஒப்புதல் வந்ததும் விரல்ரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவில் போகலாம். பதிவு ஐந்து ஆண்டு அல்லது பாஸ்போர்ட் காலாவதி, எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கப் போகிறீர்கள் என்றால் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

துபாய்ல இருந்து வர்றப்போ கழுத்துல போட்டிருக்கிற நகைக்கும் வரி கேப்பாங்களா?

கேட்க முடியும். 'போட்டிருந்தால் கணக்கில் வராது' என்பது தப்பான நம்பிக்கை. ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்குப் பெண் என்றால் 40 கிராம், மற்றவர்களுக்கு 20 கிராம் நகை என்பதே வரியில்லாச் சலுகையின் உச்ச எடை. அது நகைக்கு மட்டும், காசுக்கும் கட்டிக்கும் கிடையாது. ஒரு வாரம் சுற்றிப் பார்க்கப் போய் வாங்கிவருகிறவருக்கு இந்தச் சலுகை பொருந்தாது. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்கள் ஒரு கிலோ வரை குறைந்த வரியில் தங்கம் கொண்டுவரலாம். ஆனால் வரியை வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும். கஸ்டம்ஸில் வரிக்குரிய பொருள் உள்ளவர்கள் போக வேண்டியது சிவப்பு வழி, எதுவும் இல்லாதவர்களுக்குப் பச்சை வழி. சிவப்பு வழியில் போய்த் தாங்களாகச் சொன்னவருக்கு வரிதான். பச்சை வழியில் போய் மாட்டியவருக்குப் பறிமுதலும் அபராதமும்.

இங்கிருந்து கல்யாணத்துக்கு நகை போட்டுக்கொண்டு போகிறவர்கள், திரும்பும்போது 'அங்கே வாங்கியதா' என்ற கேள்வியைத் தவிர்க்க, போகும்போதே கஸ்டம்ஸில் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளலாம். நகை மதிப்பீட்டுத் தாளும் படமும் கையில் வேண்டும். கவுன்டர் வேலைக்கே நேரம் ஆகும் என்பதால் அன்று நான்கு மணி நேரம் முன்பு வாருங்கள். அமெரிக்க டாலர் நோட்டாக 5,000க்கு மேல், அல்லது நோட்டு, டிராவலர்ஸ் செக் எல்லாம் சேர்த்து 10,000க்கு மேல் கொண்டுவந்தால் அதையும் எழுதிக்கொடுக்க வேண்டும்.

சிங்கப்பூர்ல இருந்து சென்னை வந்து, அப்புறம் கோயம்புத்தூர் ஃபிளைட். பெட்டி நேரா கோயம்புத்தூர் போயிடுமா?

ஒரே டிக்கெட்டாக இருந்து, பெட்டியில் கோயம்புத்தூர் என்று டேக் ஒட்டியிருந்தாலும், இந்தியாவில் முதலில் இறங்கும் சென்னையில்தான் வழக்கமாகக் கஸ்டம்ஸ். பெட்டியை பெல்ட்டில் எடுத்து, கஸ்டம்ஸ் கடந்து, திரும்ப ஒப்படைக்க வேண்டும். பிறகு டெர்மினல் 2ஐ விட்டு வெளியே வந்து டெர்மினல் 1 அல்லது 4க்குப் போக வேண்டும். எது என்பதற்கு மேலே டெர்மினல் பற்றிய பதிலைப் பாருங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் இடையில் நான்கு மணி நேரமாவது விடுங்கள். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் தனி டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

சென்னையில இருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரா ஃபிளைட் இருக்காமே?

இருக்கிறது. பலாலி விமான நிலையம் 2019 அக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணப் பன்னாட்டு விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து அலையன்ஸ் ஏர் பறக்கத் தொடங்கி, கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. 2024 செப்டம்பரில் இண்டிகோவும் சேர்ந்தது. கொழும்பில் இறங்கி இரவெல்லாம் பஸ்ஸில் போக வேண்டிய உறவினர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தேவையில்லை.

விமானம் சிறிய ஏ.டி.ஆர். வகை. கைப்பை வைக்கும் இடம் குறைவு. பயணம் குறுகியது என்றாலும் வெளிநாட்டுப் பயணம்தான்: டெர்மினல் 2, மூன்று மணி நேரம். இந்தியர்கள் இலங்கைக்கான மின்பயண அனுமதியை முன்பே எடுத்துவிடுவது நல்லது. இலங்கைப் பாஸ்போர்ட்டில் இங்கே வருகிறவர்கள் இந்திய விசாவோடு, 2025 அக்டோபரிலிருந்து வந்துள்ள மின்வருகை அட்டையையும் இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

கப்பல்ல சேர ஃபிளைட் ஏறப்போறேன். என்னென்ன காகிதம் கேப்பாங்க? எண்ணூர்ல இறங்குறவங்க எப்படி வர்றது?

பாஸ்போர்ட், சி.டி.சி. புத்தகம் (மாலுமியின் கப்பல் பணிப் பதிவேடு), ஒப்பந்தம், கப்பல் பெயரும் துறைமுகமும் உள்ள சேர்க்கைக் கடிதம் ஆகியவை அசலாகக் கையில் இருக்க வேண்டும். பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாதீர்கள். உங்களை அனுப்பும் நிறுவனம் மாலுமிகளை வேலைக்கு அனுப்புவதற்கான, கப்பல்துறைத் தலைமை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். உரிமம் பெற்றதா, இந்திய மாலுமிகள் பதிவேட்டில் உங்களுக்குரிய இண்டாஸ் எண் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்பதைப் பயணத்துக்கு முந்தைய வாரமே பார்த்துவிடுங்கள். இமிக்ரேஷனில் நிறுத்தப்படும் முதல்முறை மாலுமிகள் பலரும் போலி முகவரிடம் ஏமாந்தவர்கள். கூடுதல் எடைச் சலுகை, மாலுமிகளுக்கான 'மரைன்' கட்டணத்தில் எடுத்த டிக்கெட்டுக்குத்தான் கிடைக்கும். சாதாரண டிக்கெட்டுக்குச் சி.டி.சி.யைக் காட்டினால் கிடைக்காது.

சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கு எதிரிலேயே கடற்கரை ரயில் நிலையம். அங்கிருந்து திரிசூலத்துக்கு நேராக ரயில். மண்ணடி, உயர் நீதிமன்றம் மெட்ரோ நிலையங்களும் பக்கம். எண்ணூர் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளியும் அப்படியல்ல. நகரத்தின் வடகோடியிலிருந்து தெற்கே வர வேண்டும். வழியெல்லாம் கன்டெய்னர் லாரிகள். ஏஜென்ட் 'ரெண்டு மணி நேரத்துல போயிடலாம்' என்றால் மூன்றரை என்று கணக்கு வையுங்கள்.

நவம்பர், டிசம்பர்ல டிக்கெட் போடலாமா? மழை வந்தா ஏர்போர்ட்டையே மூடிடுறாங்களே?

போடலாம், ஆனால் மறுநாளே தேர்வு, நேர்காணல், கப்பல் என்று நெருக்கி வைக்காதீர்கள். இங்கே இரண்டாவது ஓடுபாதை அடையாற்றின் மேல் பாலம் கட்டி நீட்டப்பட்டது. ஆறு நிலையத்தின் ஓரமாக ஓடுவதால் பெருவெள்ளம் வந்தால் தண்ணீர் விமானங்கள் நிற்கும் இடத்துக்கே வந்துவிடும். 2015 டிசம்பர் 1 இரவு அதுதான் நடந்தது. சில நாள்கள் நிலையம் மூடப்பட்டு, அரக்கோணத்தில் உள்ள ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்து விமானங்கள் இயக்கப்பட்டன. 2023 டிசம்பர் 4 மிக்ஜாம் புயலில் மறுநாள் காலை வரையும், 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் மறுநாள் அதிகாலை வரையும் மூடல்.

மழைக்கு அடுத்தது போகி. ஜனவரி நடுவில் அதிகாலைப் பனியோடு டயர், பிளாஸ்டிக் எரித்த புகை கலந்தால் ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாது. 2018 போகியன்று அப்படித்தான் விமானங்கள் பல மணி நேரம் தடைபட்டன. போகியன்று காலை 4 மணியிலிருந்து 9 மணிக்குள் டிக்கெட் எடுக்காமல் இருக்க முடிந்தால் எடுக்காதீர்கள். விமான நிலையத்தைச் சுற்றி இருப்பவர்கள் அன்று எதையும் எரிக்காமல் இருந்தால் அது இன்னும் பெரிய உதவி.

வானிலையால் ரத்தானால் மாற்று விமானமோ முழுப் பணமோ தர வேண்டியது நிறுவனத்தின் கடமை. இழப்பீடு மட்டும் கிடைக்காது. செய்தித்தாளைப் பார்த்து நீங்களாக டிக்கெட்டை ரத்துசெய்யாதீர்கள். நிறுவனம் ரத்து என்று அறிவித்த பிறகு கேட்டால்தான் முழுப் பணம்.

பரந்தூர் வந்துட்டா இதை மூடிடுவாங்களா?

காஞ்சிபுரம் மாவட்டம் பரந்தூரில் இரண்டாவது நிலையம் என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். 2025 ஏப்ரலில் மத்திய அரசு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. தேவைப்படுவது 5,000 ஏக்கருக்கு மேல். அதில் ஏரிகளும் விளைநிலங்களும் அடங்கும். ஏகனாபுரம் மக்கள் தொடக்கத்திலிருந்தே எதிர்த்துவருகிறார்கள், அவர்களது கவலையில் நியாயம் இருக்கிறது. மீனம்பாக்கத்தில் இரண்டு ஓடுபாதைகளும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் இரண்டையும் ஒரே நேரத்தில் தனித்தனியாக ஓட்ட முடியாது. சுற்றிலும் வீடுகளும் மலையும் ஆறும். அதனால்தான் இன்னொரு இடம் தேடப்பட்டது. திட்டம் இரண்டாவது விமான நிலையத்துக்கானது. இப்போது டிக்கெட் எடுக்கிறவர்களுக்கு எந்த மாற்றமும் இல்லை.

பெட்டி வரலை, இல்லேன்னா உடைஞ்சு வந்திருக்கு. வீட்டுக்குப் போய் மெயில் போட்டா போதுமா?

பெல்ட் இருக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் புகார் எழுதி, குறிப்பு எண்ணோடு நகல் வாங்குங்கள். பெட்டி, டேக், போர்டிங் பாஸ் மூன்றையும் படமெடுத்து வையுங்கள். பன்னாட்டுப் பயணத்தில் சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்ததிலிருந்து 21 நாளுக்குள்ளும் எழுத்தில் கேட்க வேண்டும். பணம், நகை, சான்றிதழ்களைச் செக்-இன் பெட்டியில் வைத்திருந்தால் அதற்கு நிறுவனங்கள் பொறுப்பேற்பதில்லை.

வெளிநாட்டுல இறந்துட்டார். உடல் சென்னைக்கு வருது. நாங்க எங்கே போய் நிக்கணும்?

பயணிகள் வெளியே வரும் வாசலுக்குப் போகாதீர்கள். உடல் சரக்கு முனையத்துக்குத்தான் வரும். துக்கத்தோடு வந்தவர்கள் டெர்மினல் 2 வாசலில் மணிக்கணக்கில் காத்திருப்பது தவிர்க்கக்கூடிய வேதனை. வெளிநாட்டிலிருந்து உடலை அனுப்புகிறவரிடம் விமான எண்ணோடு ஏர்வே பில் (விமானச் சரக்கு ரசீது) எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அந்த எண்ணை வைத்துத்தான் சரக்கு அலுவலகம் எதையும் சொல்லும்.

உடலோடு வர வேண்டியவை: இறப்புச் சான்று, உடல் பதப்படுத்தியதற்கான சான்று, இந்தியத் தூதரகத்தின் தடையில்லாச் சான்று, ரத்துசெய்யப்பட்ட பாஸ்போர்ட்டின் நகல். இவற்றை விமான நிலையச் சுகாதார அதிகாரி முன்கூட்டியே பார்த்து அனுமதி தருகிறார். 2023இலிருந்து இதற்கு ஈ-கேர் என்ற மத்திய அரசின் இணையதளம் இருக்கிறது. விமானம் ஏறுவதற்கு முன்பே காகிதங்களை அதில் ஏற்றச் சொல்லுங்கள். அப்படிச் செய்தால் இங்கே இறங்கியபின் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறையும். பெற்றுக்கொள்கிறவர் தன் அசல் அடையாள அட்டையையும், இறந்தவருக்கு என்ன உறவு என்று காட்டும் ஆவணத்தையும் கொண்டுவர வேண்டும்.

ஊருக்குக் கொண்டுபோக வசதியில்லாதவர்கள் தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நல ஆணையரகத்தைக் கேட்டால் இலவச அமரர் ஊர்தி ஏற்பாடு செய்கிறார்கள். விமானம் இறங்கிய பிறகு கேட்டால் வண்டி கிடைக்கத் தாமதமாகும். அங்கே தூதரகச் சான்று கிடைத்த அன்றே, விமான எண், ஊர், பெறுகிறவர் பெயர், தொலைபேசி எண் ஆகியவற்றோடு மனு கொடுத்துவிடுங்கள்.